பிரிண்டைக் கையில் கொடுத்தால் தெரியும்

போர்ட்ரெய்ட், அதாவது ஆட்களின் முகப்படம், எடுத்துப் பழக ஆரம்பிப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். எடுத்த படத்தை 4க்கு 6 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். இணையத்தில் பார்க்கிறவர்கள் "செம", "அருமை" என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். படத்தில் இருப்பவர் அவ்வளவு சீக்கிரம் விடமாட்டார், அவர் முகமாயிற்றே. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் பழகிய எனக்கு ஃபோக்கஸ், வெளிச்சம், தூரம் எல்லாவற்றையும் புரிய வைத்தது இவர்கள் சொன்ன குறைகள்தான். அவற்றில் சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான், அதோடு வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஆசைப்பட்டு வாங்கிய 50 மி.மீ. எஃப்/1.8. எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பு (அப்பர்ச்சர்); எண் சிறிதானால் திறப்பு பெரிது, தெளிவாக விழும் ஆழம் குறைவு. பின்னணி கரைந்து போகவேண்டும் என்பதற்காகவே எல்லோரும் அந்த 50ஐ வாங்குகிறோம். வாங்கிய புதிதில் அதை 1.8ஐ விட்டு நகர்த்த யாருக்கும் மனசு வராது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நண்பனின் அப்பத்தா. வடித்த காது, அதில் கனத்துத் தொங்கும் தண்டட்டி. திண்ணையில் உட்காரவைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று, முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பச் சொல்லி எடுத்தேன். கண்ணிமை முடியை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். நெற்றிச் சுருக்கம், நரை, பின்னால் கரைந்துபோன சுவர். பார்த்த நண்பர்கள் எல்லோரும் கொண்டாடினார்கள்.

பிரிண்டை அப்பத்தாவிடம் கொடுத்தேன். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார், வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஏய்யா, தண்டட்டியக் காணோமே?"

"இருக்கு அப்பத்தா. கொஞ்சம் மங்கலா விழுந்திருக்கு."

"எங்காத்தா எனக்குப் போட்டது. அத மங்கலாக்கிட்டு மூஞ்சிய மட்டும் வச்சு நான் என்ன பண்ண?"

இதன் கணக்கு எளிது. என்னுடையது போன்ற சிறிய சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமராவில், 50 மி.மீ. லென்ஸை 1.8இல் வைத்து ஒரு மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது. கண்ணுக்கும் காதுக்கும் உள்ள தூரம் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். காது மங்கித்தான் ஆகும். அதையே எஃப்/8 வைத்து, ஒன்றரை மீட்டருக்குத் தள்ளி நின்றால் ஆழம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் ஆகிவிடும். முகம், காது, தண்டட்டி எல்லாம் உள்ளே வந்துவிடும். திண்ணை நிழலில் அதற்கு ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) ஏற்றி 800ஐ ஒட்டிப் போகவேண்டியிருக்கும். கொஞ்சம் புள்ளி தெரியும், தெரியட்டும். வயதானவர்கள் அசையாமல் இருப்பதாகத் தோன்றினாலும் தலை லேசாக ஆடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் ஷட்டர் வேகம் 1/125 நொடியைவிட மெதுவாகப் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்பத்தா அதோடு விடவில்லை. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். "இந்தா, நேரா உக்காந்திருக்கேன். ரெண்டு காதும் தெரியிற மாதிரி எடு. நாளைக்கு மாலை போட்டு மாட்டுற படம்." சொல்லும்போது குரலில் வருத்தமே இல்லை. ரேஷன் கார்டைத் தேடி எடுத்துத் தரச் சொல்வது மாதிரி ஒரு வேலையாகச் சொன்னார்.

எடுத்துக் கொடுத்தேன். நேர் பார்வை, சிரிப்பில்லை, இரண்டு தண்டட்டியும் பளிச்சென்று. என் நண்பர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அப்பத்தா அதை ஃபிரேம் போட்டுத் தன் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். எனக்கு இன்றைக்கும் முதல் படம்தான் பிடிக்கும், அது என் லேப்டாப்பில் இருக்கிறது. ஆனால் எது அவருடைய படம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போதெல்லாம் யாரை எடுத்தாலும், "படத்தை என்ன பண்ணப் போறீங்க?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். லென்ஸ், தூரம், அப்பர்ச்சர் எல்லாம் அந்தப் பதிலுக்குப் பிறகுதான்.

விறைத்து நிற்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இயல்பா இருங்க" என்று சொல்லிப் பயனில்லை. நம் ஆட்களுக்குப் போட்டோ என்றால் ஸ்டுடியோ. கை இரண்டும் பக்கவாட்டில், நாடி கொஞ்சம் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பார்வை. அவர்கள் மனதில் இருக்கும் அந்தப் படத்தை முதலில் மரியாதையாக எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். கேமராவின் பின்திரையில் காட்டினால் "ம், நல்லாருக்கு" என்பார்கள், தோள் இறங்கும். நீங்கள் தேடிய முகம் அதற்கப்புறம்தான் வரும். முதல் படத்தை ஒப்புக்கு எடுத்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து ஒரு டீக்கடை அண்ணன். கடை உள்ளே இருட்டு, தெருப்பக்கம் மட்டும் வெளிச்சம். பக்கவாட்டு வெளிச்சம் முகத்துக்கு ஆழம் தரும் என்று வீடியோக்களில் பார்த்திருப்போமே, அதேதான். பாதி முகம் பளிச், மீதி இருட்டு. பிரிண்டைப் பார்த்தவர், "தம்பி, இந்தப் பக்கத்து மூஞ்சிக்குக் கரண்ட் கட்டா?" என்றார். கடையே சிரித்தது.

எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டையை ரிஃப்ளெக்டராகப் பிடித்தால் நிழல் இளகும். சினிமாவில் காலம்காலமாகச் செய்வதுதான். என்னிடம் அன்றைக்கு அட்டை இல்லை. டீ கொண்டுபோகும் சில்வர் தட்டைப் பிடித்துப் பார்த்தோம். கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. பளபளப்பான பரப்பு வெளிச்சத்தைச் சிதறவிடாமல் அப்படியே திருப்பி அடிக்கிறது. அப்போது டீ குடிக்க வந்த ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், என்ன நடக்கிறது என்று பார்க்க அண்ணனுக்கு இருட்டுப் பக்கமாக வந்து நின்றார். கன்னத்து நிழல் அப்படியே தெளிந்தது! "ஐயா, அங்கேயே ஒரு நிமிஷம் நில்லுங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவர் ஓரடி கிட்டே வந்தால் நிழல் இன்னும் இளகுகிறது, இரண்டடி விலகினால் மறுபடி இறுகுகிறது. ரிஃப்ளெக்டரை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதை எந்த வீடியோவும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தலைக்கு மேலே பாருங்கள். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் முகம் நீலமாகத்தான் விழும். முன்பக்கம் வெயில், மேலே தார்ப்பாய் என்று இரண்டு நிறம் கலந்துவிட்டால் ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சரிக்கட்டலை) எப்படி மாற்றினாலும் ஒரு பக்கம் சரியாகும், இன்னொரு பக்கம் கெடும். தார்ப்பாயின் ஓரம், திறந்த வானத்தைப் பார்த்த நிழல், அங்கே அவர்களாக வந்து நிற்கும் நேரத்துக்குக் காத்திருப்பதுதான் வழி. வியாபார நேரத்தில் "அக்கா, இங்கிட்டு வந்து நில்லுங்க" என்று கேட்பது நியாயமில்லை.

அங்கேயே ஒரு பூக்கட்டும் அக்கா, "என் மூக்கு இவ்ளோ பெருசா?" என்று கேட்டார். கூட்டத்தில் தள்ளி நிற்க இடமில்லாமல் 18 மி.மீ. அகலக் கோணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்த படம் அது. பலர் லென்ஸைக் குறை சொல்வார்கள், காரணம் தூரம். மூக்குநுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 40 சென்டிமீட்டரில் இருந்து எடுத்தால் காதோடு ஒப்பிட மூக்கு 1.3 மடங்கு பெரிதாக விழும். இரண்டு மீட்டரில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. போனில் எடுப்பவர்களுக்கும் இதுதான். கிட்டே நீட்டாமல் இரண்டடி பின்னால் போய், 2எக்ஸ் ஜூம் வைத்து எடுத்துப் பாருங்கள்.

இனி எனக்குப் பிடிக்காத ஒரு வேண்டுகோள். பெண் வீட்டாருக்குக் கொடுக்கப் படம் கேட்டுவந்த ஒரு தம்பி, பிரிண்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் வெளுப்பா ஆக்கித் தர முடியுமா?" என்றான். நான் மாட்டேன் என்றேன். ஆனால் பாதித் தவறு கேமரா மேலும் இருக்கிறது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்ளும். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் தேவைக்கு மேல் வெளிச்சம் ஏற்றி நிறத்தைச் சாம்பல் பூத்தாற்போல ஆக்கும். அதே ஆள் வெள்ளைச் சட்டையில் நின்றால் சட்டைக்காக வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கும். இதைச் சரிக்கட்டக் கேமராவில் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் இருக்கிறது: முதல் நிலைக்கு மைனஸில் ஒரு ஸ்டாப்பில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) மூன்றில் இரண்டு பங்கு, இரண்டாவதுக்கு அதே அளவு பிளஸ். சரியாக இதே அளவுதான் என்றில்லை, இங்கிருந்து தொடங்கலாம். தம்பியின் படத்தில் இரண்டாவதுதான் நடந்திருந்தது. வெளிர்நீலச் சட்டைக்கு மாறச் சொல்லி, ஜன்னலுக்குக் கிட்டே, ஜன்னலைப் பார்த்தாற்போல நிறுத்தி மறுபடி எடுத்தேன். அவன் நிறம் அப்படியே இருந்தது, தோலில் மட்டும் ஒரு மினுக்கு வந்தது. கறுத்த தோலின் அழகே அந்த மினுக்குதான். பெரிய, மென்மையான வெளிச்சம் இல்லாவிட்டால் அது வராது. வாங்கிக்கொண்டு போனான். ஆனால் பெண் வீட்டுக்குப் போனது அந்தப் படமா, ஒரு ஸ்டுடியோவில் வெளுத்து வாங்கியதா என்று தெரியாது.

இதில் லேபும் ஒரு ஆள். பிரிண்ட் மெஷினில் தானாகச் சரிசெய்யும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த நிறத்தை அது வெளுத்துவிடும். "கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்க" என்று சொல்லிக் கொடுக்கவேண்டும். இது இன்றைய கதை மட்டுமல்ல. 1950களில் இருந்து கோடாக் லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி கார்டு என்ற மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். கலர் பிரிண்டில் தோல்நிறம் சரியாக இருக்கிறதா என்பதை வெகுகாலம் அதை வைத்துத்தான் பார்த்தார்கள். நம் வீட்டுப் பழைய ஆல்பங்களில் மாமாக்கள் ஏன் தங்கள் நிறத்தில் விழவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடுக்க விடாதவர்களும் உண்டு. "முதியோர் பணத்துக்கா எடுக்குற?" என்று ஆசையோடு கேட்கும் பெரியவர்களிடம் இல்லை என்று உடனே சொல்லிவிடவேண்டும். அப்படி நினைத்துக்கொண்டு நிற்பவரை எடுக்கக் கூடாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று முந்தானையால் முகத்தை மூடியவர்களை வற்புறுத்தியதில்லை. மூன்று பேராக நின்றால் ஆகாது என்பார்கள். வாதாடாமல் பக்கத்தில் நிற்கும் ஒரு பையனையும் சேர்த்துக்கொண்டால் முடிந்தது.

செலவு என்று பார்த்தால் ஒரு பிரிண்ட் இரண்டு டீ விலைக்குள் வந்துவிடுகிறது. மேட் பேப்பரில் போடுங்கள், கை ரேகை அவ்வளவாகத் தெரியாது. பின்பக்கம் தேதி எழுதிக் கொடுத்தால் கூடுதல் சந்தோஷப்படுவார்கள்.

எனக்கு இன்னும் பிடிபடாதது மூக்குக் கண்ணாடி. வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சத்தில் சமாளித்துவிடலாம். நாடியைச் சற்று இறக்கச் சொல்லி, கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேலே துளி தூக்கிவைத்தால் பிரதிபலிப்பு கீழ்ப்பக்கம் போய்விடும். ஆனால் வெட்டவெளியில் வானம் முழுக்க அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கழற்றச் சொன்னால், "கண்ணாடி இல்லாம நான் நானா இல்லையேப்பா" என்று ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் மறுத்துவிட்டார், அதுவும் சரிதான். அவருக்கு இன்னும் பிரிண்ட் கொடுக்கவில்லை. மரத்தடிக்குக் கூட்டிப் போவதைத் தவிர வேறு வழி தெரிந்தவர்கள், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.