புதுப்பிப்பு: செய்யுளை அடிக்கு அடி நிறுத்திப் படிக்கும் பிள்ளைகள்

காரைக்குடிப் பக்கத்து 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று தொடங்கும் புறநானூற்று 192ஆம் பாட்டைத் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறார்கள், ஆனால் பொருள் சொல்ல முடியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

13 அடிகளிலும் அடி முடிகிற இடத்தில் மூச்சை விடுகிறார்கள். பொருளோ பல அடிகளில் அங்கே முடிவதில்லை. 'சாதலும் புதுவது அன்றே வாழ்தல்' என்ற 4ஆம் அடியின் கடைசியில் நிற்கும் 'வாழ்தல்', 5ஆம் அடியின் 'இனிதென' என்பதோடு சேர வேண்டியது. அங்கே நிறுத்தினால் வாழ்தல் புதிதல்ல என்று பொருள் திரிந்துவிடும். பாட்டு சொல்வதோ சாதல் புதிதல்ல என்று. 6ஆம் அடிக் கடைசியின் 'மின்னொடு' என்பதும் அப்படியே, அடுத்த அடியின் 'வானம்' என்பதோடு சேர வேண்டியது.

இப்போது வகுப்பின் முதல் 10 நிமிடம் உரையே கிடையாது. பாட்டைக் கரும்பலகையில் சீர் பிரித்து எழுதி, மூச்சுவிடும் இடத்தில் மட்டும் சாய்கோடு போடச் சொல்கிறேன். கோடு தப்பினால் திருத்துவதில்லை. அப்படியே உரக்கப் படிக்கவைத்தால் தப்பு அவர்கள் காதுக்கே கேட்கிறது.

'கேளிர்' (உறவினர்) என்றதும் பாதிப் பேர் 'கேளுங்கள்' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கேள், கேண்மை என்று உறவுச் சொற்களைப் பக்கத்தில் எழுதினால் போதும்.

பேராற்று நீரோடு போகும் 'புணை' (தெப்பம்) என்ற உவமைதான் கடினம். இங்கே பேராறு ஏது? கண்மாய் மடை திறந்ததும் வாய்க்காலில் இழுபடும் சருகைச் சொல்லிவிட்டுப் பிறகு தெப்பத்துக்கு வரலாம். பாட்டை எழுதிய கணியன் பூங்குன்றனாரின் ஊரான பூங்குன்றம் இன்றைய மகிபாலன்பட்டி என்பதையும் சொல்லுங்கள், நம் பக்கத்து ஊர்!