மறுமொழி: கப்பல் கப்பலை முட்டுவதற்கு ஒரு சொல் – ‘தகர்முட்டு’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தனித்தனியே பதில் எழுதினால் இழை நீண்டுவிடும் என்பதால் எல்லாவற்றுக்கும் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை மறுபடி சொல்லிவிடுகிறேன். ஒரு போர்க்கப்பல் தன் உடலையே ஆயுதமாக்கி, வேண்டுமென்றே எதிரிக் கப்பலின் மேல் போய் முட்டுகிறதே, அதற்குத் தமிழில் என்ன சொல்? ஆங்கிலச் சொல்லை அப்படியே ‘ராமிங்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

கேள்வி எழுந்தது, பிரிட்டிஷ் கடற்படையின் கிளோவார்ம் என்ற நாசகாரிக் கப்பலை (வேகமாகச் செல்லும் சிறிய போர்க்கப்பல்) பற்றி நான் எழுதிக்கொண்டிருக்கும் கலைக்களஞ்சியக் கட்டுரையில். (நாசகாரி என்ற சொல்லையே மாற்ற வேண்டும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அதற்குத் தனி இழை திறப்போம். இங்கே அதையும் இழுத்தால் இரண்டும் முடியாது.) கிளோவார்ம் என்றால் மின்மினி. 1935இல் கடலில் இறக்கப்பட்ட 1,350 டன் கப்பல். 120 மி.மீ. பீரங்கிகள் நான்கு, டார்பிடோ (நீருக்கடியில் பாயும் வெடிகுண்டு) எய்யும் குழாய்கள் பத்து. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது அந்நாட்டுக் கரையோரம் ரோந்து சுற்றியது. 1939இல் உலகப் போர் தொடங்கியபோது மத்தியதரைக் கடலில் இருந்தது. அக்டோபரில் தாய்நாட்டுக்கு அழைக்கப்பட்டது.

முதலில் வந்த பரிந்துரையிலிருந்து தொடங்குகிறேன்.

> ‘மோதல்’ போதும். கப்பல்கள் மோதின என்றால் யாருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

ஐயா, புரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே கப்பலின் கடைசி இரண்டு மாதங்களைப் பாருங்கள். 1940 பிப்ரவரி 22 அன்று, இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் மூடுபனியில், ரெக்ஸ் என்ற சுவீடன் நாட்டுக் கப்பல் கிளோவார்மில் வந்து இடித்தது. பலத்த சேதம். ஹல் துறைமுகத்தில் பழுதுபார்த்து முடிய மார்ச் இறுதியாகிவிட்டது. அடுத்து ஏப்ரல் 8, நார்வேக் கடல். அன்று கிளோவார்மின் அணியம் (கப்பலின் முன்முனை) ஜெர்மனியின் கனரகக் குரூசரான, அதாவது பெரிய போர்க்கப்பலான, அட்மிரல் ஹிப்பரின் வலப்பக்கத்தில், நங்கூரத்துக்குச் சற்றுப் பின்னே, போய் ஏறியது. முதலாவது விபத்து. இரண்டாவதற்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுக்கப்பட்டது. இரண்டுக்கும் ‘மோதியது’ என்றே எழுதினால், படிக்கிற மாணவருக்கு நான் எதைச் சொல்லிக்கொடுத்தேன்?

அடுத்த பரிந்துரை என்னை உண்மையிலேயே வருத்தியது.

> ‘தற்கொலைத் தாக்குதல்’ என்றே எழுதலாம். செய்தித்தாள்களுக்குப் பழகிய தொடர்.

வேண்டாம் தம்பி. இந்த உத்தியைக் கையாண்ட கப்பல்களில் பல உயிரோடு திரும்பியிருக்கின்றன. 1941 மார்ச்சில் வானோக் என்ற நாசகாரி, யு-100 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை இப்படித்தான் மூழ்கடித்தது. வானோக் போர் முடியும்வரை மிதந்தது. 1942 டிசம்பரில் ஹெஸ்பரஸ் யு-357ஐ முட்டி மூழ்கடித்தது; அதுவும் பிழைத்தது. நீர்மூழ்கி மேலே வந்துவிட்டால், பீரங்கியின் வாய் தாழாத அளவுக்கு அருகில் இருந்தால், அணியத்தால் முட்டுவதுதான் கையில் இருந்த விரைவான வழி. அதற்கு விலை உண்டு. 1943 மார்ச்சில் ஹார்வெஸ்டர் யு-444ஐ முட்டியபோது நீர்மூழ்கி அதன் அடியில் சிக்கி, கப்பலை உந்தும் சுழலி சிதைந்தது. பிறகு நகர முடியாமல் நின்ற ஹார்வெஸ்டரை இன்னொரு நீர்மூழ்கியின் டார்பிடோக்கள் முடித்தன. தன் கப்பலைப் பணயம் வைப்பது வேறு, சாவதற்கென்றே போவது வேறு. மாலுமிகள் செய்த கணக்கை அந்தத் தொடர் அழித்துவிடுகிறது.

இன்னொரு பரிந்துரையான ‘இடித்துத் தகர்த்தல்’ நல்ல தமிழ்தான். ஆனால் முட்டிய எல்லாக் கப்பலும் எதிரியைத் தகர்த்துவிடவில்லை. ஹிப்பர் தகரவில்லை. முட்டியதன் விளைவை முட்டும் செயலின் பெயருக்குள் வைப்பது சரியில்லை.

இனி நான் முன்வைக்கும் சொல்.

மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன் நான். சிறுவயதில் கிடாமுட்டு பார்த்திருக்கிறேன். இரண்டு கிடாய்களையும் எதிரெதிரே விட்டவுடன் அவை முட்டிக்கொள்வதில்லை. ஒவ்வோர் அடியாகப் பின்னே போகும். கண் எதிரியை விட்டு அகலாது. இருபது முப்பது அடி போன பிறகு ஒரு கணம் அசையாமல் நிற்கும், தலை தாழும், பிறகுதான் பாய்ச்சல். நெற்றியோடு நெற்றி படும் ஓசை, உலர்ந்த மரத்தைக் கோடரிப் பின்புறத்தால் அடித்ததுபோல, கூட்டத்தின் கடைசி வரிசை வரை கேட்கும். அந்த ஆட்டுக்கிடாய்க்குப் பழைய பெயர் தகர். ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து’ என்பது காலமறிதல் அதிகாரத்துக் குறள். பொருதகர், சண்டையிடும் கிடாய், பேர்தல், பின்வாங்குதல். ஊக்கமுள்ளவன் ஒடுங்கியிருப்பது, தகர் தாக்குவதற்காகப் பின்னே போவதைப் போன்றது என்கிறார் வள்ளுவர். நாம் தேடும் பொருள் முழுவதும் அதில் இருக்கிறது: உடலே ஆயுதம், முட்டுவது தலையால், முட்ட வேண்டும் என்ற எண்ணம் முன்கூட்டியே உண்டு.

ஆகவே: தகர்முட்டு. வினையாகத் தகர்முட்டினான், தகர்முட்டியது, தகர்முட்டும் கப்பல். ஒற்று மிகாது, பேசும்போது நாக்கு தடுக்காது.

> ஆங்கிலத்திலும் கிடாய்தானே? இது மொழிபெயர்ப்பு ஆகிவிடாதா?

அம்மா, ஆங்கிலச் சொல்லும் கிடாயின் பெயர்தான் என்பது உண்மை. ஆனால் கிடாய் முட்டுவதை இரண்டு ஊர்க்காரர்களும் தத்தம் கண்ணால் பார்த்தார்கள். நம் உவமை எந்த ஆங்கில நூலிலிருந்தும் வந்ததில்லை.

> தகர் என்றால் இன்று யாருக்கும் தெரியாது. ‘கிடாமுட்டு’ என்றே வைக்கலாமே.

இந்த மறுப்பு எனக்கும் பிடித்திருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். கிடாமுட்டு உயிரோடு இருக்கும் விளையாட்டின் பெயர். இரண்டு தரப்பும் சமமாக முட்டிக்கொள்வது அது. கப்பலில் முட்டுவது ஒன்று, முட்டு வாங்குவது மற்றொன்று. மேலும் ‘தகர்’ என்ற வினை இன்றும் நம் வாயில் இருக்கிறது. குறள் தெரியாதவர் ‘தகர்முட்டு’ என்று படித்தால், தகர்க்கும்படி முட்டுதல் என்று எடுத்துக்கொள்வார். ‘இடித்துத் தகர்த்தல்’ விளைவை உறுதியாகச் சொல்லிவிடுகிறது. இங்கே அது நோக்கமாக மட்டும் தொனிக்கிறது. அந்த அளவு பொருள் விலகல் கேடு செய்யாது.

பழைய போர்க்கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே அணியத்தில் துருத்திக்கொண்டிருந்த இரும்பு முனைக்கு இதையொட்டித் ‘தகர்மூக்கு’ என்று வைக்கலாம். 1866இல் லிஸ்ஸா கடற்போரில் ஆஸ்திரியக் கொடிக்கப்பல் (படைத்தளபதி செல்லும் கப்பல்) இத்தாலியக் கவசக் கப்பல் ஒன்றைத் தகர்முட்டி மூழ்கடித்தது. அதன்பின் பல ஆண்டுகள் கடற்படைகள் அந்த மூக்கை விடவில்லை. 1893இல் லெபனான் கரையோரம் அணிவகுப்புப் பயிற்சியின்போது கேம்பர்டவுன் என்ற பிரிட்டிஷ் கப்பலின் தகர்மூக்கு, தன் படையின் கொடிக்கப்பலான விக்டோரியாவையே கிழித்தது. தளபதி உட்பட 358 பேர் இறந்தார்கள். மூக்கு தகர்மூக்கு, நடந்ததோ மோதல். இரண்டு சொல்லும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இனி, எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். சொல்லுக்குள் நோக்கத்தை வைத்துவிட்டோம். கிளோவார்முக்கு அந்த நோக்கம் இருந்ததா?

நடந்ததைச் சொல்கிறேன். 1940 ஏப்ரல் தொடக்கத்தில் நார்வேக் கடலோரம் வெடிகண்ணி வைக்கப் போன படையில், ரினவுன் என்ற பெருங்கப்பலுக்குக் காவலாகக் கிளோவார்ம் சென்றது. கொந்தளித்த கடலில் ஒரு மாலுமி அடித்துச் செல்லப்பட்டார். அவரைத் தேடப் போய்க் கிளோவார்ம் படையிலிருந்து பிரிந்தது. எட்டாம் தேதி காலை ஜெர்மன் நாசகாரிகளை எதிர்கொண்டது. அவை நார்வேயைப் பிடிக்கத் துருப்புகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. அவற்றின் துணைக்கு வந்தது ஹிப்பர். எடையில் பத்து மடங்குக்கும் மேல்; 203 மி.மீ. பீரங்கிகள் எட்டு. காலை பத்து மணி நெருங்கும்போது, எட்டு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவிலிருந்து சுட்டது. நான்காவது தொகுதிக் குண்டுகளிலேயே அடி விழுந்தது. அடிபட்ட கம்பிகள் ஒன்றோடொன்று பட்டு, கப்பலின் சங்கு தானாகவே ஊதத் தொடங்கியது. கிளோவார்ம் புகைத்திரை விரித்து அதற்குள் மறைந்தது, வெளியே வந்து டார்பிடோ எய்தது, மறுபடி மறைந்தது. பத்து டார்பிடோக்களும் தவறின. ஹிப்பரும் புகைக்குள் துரத்தி வந்தது. புகை விலகியபோது இரண்டும் மிக அருகே இருந்தன. ஹிப்பரில் பட்டுக் கிளோவார்மின் அணியம் முறிந்தது. மிச்ச உடல் ஹிப்பரின் பக்கவாட்டை உரசிக்கொண்டே போய்ப் பல இடங்களில் கிழித்தது. ஹிப்பருக்குள் ஏறத்தாழ 500 டன் நீர் புகுந்தது. சிறிது நேரத்தில் கிளோவார்ம் கவிழ்ந்து மூழ்கியது.

ஹிப்பரின் தலைவர் ஹெல்முட் ஹைய கப்பலை நிறுத்தி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் எதிரி மாலுமிகளை நீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றினார். விருதுக் குறிப்பின்படி 149 பேரில் பிழைத்தவர்கள் 31 பேர். கிளோவார்மின் தலைவர் ஜெரார்ட் ரூப் தண்ணீரில் தன் ஆட்களுக்கு உதவிக்கொண்டிருந்தார். கடைசியில் கயிற்றைப் பற்றிய கை சோர்ந்து நழுவி மூழ்கிவிட்டார். அவருடைய வீரத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் பிரிட்டனுக்குத் தெரிவித்தவரும் ஹையதான். விக்டோரியா கிராஸ் 1945 ஜூலையில் அறிவிக்கப்பட்டது.

விருதுக் குறிப்பு, கிளோவார்ம் நெருங்கிச் சென்று முட்டியது என்கிறது. ஆனால் பிழைத்த அதிகாரி ஒருவர், அந்த நேரத்தில் சுக்கான் பிடிக்க ஆளே இருக்கவில்லை என்று தன்னை மீட்டவர்களிடம் சொன்னதாகவும் பதிவு உண்டு. அப்படியானால் அது கட்டுப்பாடு இழந்த கப்பலின் திரும்பல். வரலாற்றாசிரியர்கள் இதில் ஒன்றுபடவில்லை. புகைக்குள் பின்வாங்கியதைப் பார்க்கும்போது எனக்குக் குறளின் தகர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த உவமையின் மேல் இருக்கும் ஆசையால் ஒரு சான்றை மறைக்க என்னால் முடியாது. ரூப்பின் வீரம் அந்த ஒரு திருப்பத்தில் மட்டும் தங்கியிருக்கவும் இல்லை. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்தும் எதிரியைக் கண்ட செய்தியை ரினவுனுக்கு அனுப்பிவிட்டுத் தாக்கப் போனவர் அவர்.

ஆகவே கட்டுரையில் இரண்டு சொல்லையும் இப்படி ஆளலாம் என்று நினைக்கிறேன்:

“புகைத்திரையிலிருந்து ஹிப்பர் வெளிப்பட்டபோது கிளோவார்ம் அதன் வலப்பக்கத்தில் மோதியது. ரூப் வேண்டுமென்றே தகர்முட்டினார் என்கிறது அவருக்கான விருதுக் குறிப்பு. மோதிய வேளையில் சுக்கானில் ஆள் இல்லை என்பது பிழைத்த அதிகாரியின் கூற்று.”

இலக்கணம் பார்க்கும் ஐயா இருவரும் ‘தகர்முட்டினார்’ என்ற வினையைக் கண்டிப்பாக ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். பெயர்ச்சொல்லில் எனக்கு ஐயமில்லை, வினையில் கொஞ்சம் இருக்கிறது. கடலோர ஊர்க்காரர்கள் யாரேனும், வள்ளத்தை வள்ளம் வேண்டுமென்றே முட்டுவதற்கு உங்கள் பக்கத்தில் வழங்கும் சொல் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அப்படி ஒரு சொல் வந்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே இடுவேன். ஞாயிற்றுக்கிழமை இரவு வரை காத்திருக்கிறேன்.

அன்புடன்.