வெக்டர் யார்? கொசுவா, நிரலா?

மதுரை ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். கொசு வழியே மலேரியா பரவுவதைக் கணக்கிடும் ராஸ்–மெக்டொனால்ட் கணித மாதிரியைத் தமிழில் எழுதுகிறேன். திங்கள் காலை வகுப்பு. ஒரே பக்கத்தில் கொசுவும் வெக்டர். நோயுற்ற மனிதர், நோயுற்ற கொசு என இரண்டு விகிதங்களை மேலும் கீழுமாக அடுக்கிய எண் நிரலும் வெக்டர். கொசுவுக்கு ‘நோய்க்கடத்தி’ போடலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:
கடத்தி என்றால் செம்புக் கம்பி, அம்மா. இந்த முனையில் வாங்கியதை உடனே அந்த முனையில் விட்டுவிடும். நுளம்பு, உங்கள் கொசு, அப்படியா? 1897 ஆகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில் ராஸ் கண்டது, நுளம்பின் வயிற்றுச் சுவரில் வளர்ந்துகொண்டிருந்த ஒட்டுண்ணியை. அது முதிரப் பத்துப் பன்னிரண்டு நாளாவது வேண்டும். அதுவரை நுளம்பு அதைக் காவித் திரிகிறது. ஆகவே நாங்கள் ‘நோய்க்காவி’ என்கிறோம்.

சென்னையிலிருந்து:
இங்கே காவி என்றால் பையன்கள் சாமியாரைத் தேடுவார்கள். உங்கள் பாடநூலில் கணித வெக்டரும் காவிதானே? சிக்கல் தீரவில்லையே, ஐயா!

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கா என்பது தோளில் வைக்கும் சுமைத்தண்டு. காவடி அதன் வழி வந்தது. அதியமானின் வாயிலில் காக்கவைக்கப்பட்ட ஔவை ‘காவினெம் கலனே’ (புறம் 206) என்று கிளம்பியதும் இந்தக் காவுதல்தான். வெக்டரின் இலத்தீன் வேருக்கும் சுமத்தலே பொருள். வாகனத்தின் வடமொழி வேர் அதற்கு உறவு. ஆக, பிள்ளையாரின் மூஞ்சூறும் ஒரு வெக்டர்.

மதுரை ஆசிரியை:
ஐயா, மூஞ்சூறு பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் சுமத்தல் இருக்கிறது. கொசு ஒரு நாள் பிழைக்கும் வாய்ப்பு 0.9 என்றால், பத்து நாள் தாண்டுபவை நூற்றுக்கு 35. வாய்ப்பு 0.8 ஆனால் 11தான். மலேரியாவைத் தடுக்க மெக்டொனால்ட் முதிர்ந்த கொசுவைக் குறிவைத்தது இந்தக் கணக்கால். கம்பிக்கு வயதாவதில்லை, யாழ்ப்பாணத்து ஐயா சொல்வது நியாயம்.

சென்னையிலிருந்து:
‘நோய்ப்பரப்பி’?

யாழ்ப்பாணத்திலிருந்து:
வதந்தி பரப்புபவர் மாதிரி இருக்கிறது.

மதுரை ஆசிரியை:
கொசுவுக்கு நோய்க்கடத்தி, நிரலுக்கு வெக்டர். மாணவர்கள் பள்ளியில் படித்த சொற்கள் இவைதான். அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சரி, பெரும்பான்மை வென்றது. நான் காவி என்றே எழுதுவேன். அப்புறம், நுளம்புக்குள் ஒட்டுண்ணி முதிரும் அந்தப் பத்து நாளுக்கு என்ன சொல் போட்டீர்கள்? ‘அடைகாலம்’ என்றால் இன்றிரவே எழுதுங்கள். நுளம்பு கோழியல்ல.