பேஸ் கிதார் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைச் சீராக்க ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் அருகே எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கும் நான், 15 அங்குல ஸ்பீக்கரும் ஒரு ட்வீட்டரும் (உச்ச ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) பொருத்திய பழைய பிளைவுட் பெட்டியைப் பயன்படுத்துகிறேன். சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய திறந்த (விரல் அழுத்தாமல் மீட்டும்) ஈ (E) கம்பி அமுங்கிவிட, ஏ (A) கம்பியின் சில சுரங்கள் மட்டும் முழங்குகின்றன. அப்போது பின்பலகையில் கை வைத்தால் உள்ளங்கை வரை அதிர்கிறது. விரல் கம்பியில் உரசும் ஓசையோ ட்வீட்டர் வழியே காதைக் குத்துகிறது.

பின்பலகைக்குக் குறுக்கே மரச்சட்டம் ஒட்டி, உட்சுவர்களில் பாலியஸ்டர் பஞ்சு பதித்து, ட்வீட்டருக்கு அதன் ஒலியளவைக் குறைக்கும் எல்-பேட் இணைக்க எண்ணியுள்ளேன். காற்றுத் துளையின் குழாயை நீட்டினால் பெட்டியின் ஒத்ததிர்வு எண் (அது இயல்பாக முழங்கும் அதிர்வெண்) இறங்கும் என்பதால், கணக்கிடாமல் அதில் கைவைக்கத் தயங்குகிறேன். பஞ்சு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதையும், இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்து ஈரத்தில் விட்டுப்போகாத பசை எது என்பதையும் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.