சீன வங்கிகளில் பணம் புரண்டும் விலைவாசி ஏன் எழவில்லை?

தொண்டி நண்டு:
நண்டு, கணவாய் வியாபாரம் எனக்கு. சேமிப்பில் ஒரு பகுதி ஹாங்காங் பங்குகளில் போடும் ஃபண்டில் இருக்கிறது. வங்கிகள் தங்களிடம் உள்ள டெபாசிட்டில் கடன் கொடுக்காமல் கட்டாயமாக ஒதுக்கி வைக்க வேண்டிய இருப்பு விகிதத்தை சீன மத்திய வங்கி 2024 செப்டம்பரில் அரை சதவீதம், 2025 மே மாதத்தில் இன்னொரு அரை சதவீதம் குறைத்தது. ஒவ்வொரு தடவையும் சுமார் ஒரு லட்சம் கோடி யுவான் புழக்கத்துக்கு வரும் என்றார்கள். அப்படியும் 2025 ஜூனில் தொழிற்சாலை விலைகள் முந்தைய ஆண்டைவிட 3.6% குறைவு. இன்னும் போடலாமா, எடுத்துவிடலாமா?

பாம்பன் கரை:
அண்ணே, அந்தப் பணம் வங்கிக்குள்தான் வருகிறது, அதைக் கடனாகக் கேட்க ஆள் வேண்டுமே. மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் விலையைக் குறைத்தால் எந்த விசைப்படகுக்காரர் வாங்கி ஏற்றுவார்? அங்கே வீட்டு விலை இறங்கி, எவர்கிராண்டே மாதிரி பெரிய வீடு கட்டும் கம்பெனியே மூழ்கிப்போனதைப் பார்த்த குடும்பங்கள் செலவை நிறுத்தி, இருக்கும் கடனை அடைப்பதிலேயே குறியாக இருக்கின்றன.

கீழக்கரை ஓய்வு:
தம்பி சொல்வது சரி. வங்கியில் வேலை பார்த்தவன், ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். கடன் வட்டி 3%, ஆனால் தொழிற்சாலை விற்கும் சரக்கின் விலை வருடத்துக்கு 3% இறங்குகிறது என்றால், முதலாளிக்கு உண்மையில் விழும் வட்டி 6%. அரை சதவீதத்தை அவிழ்த்துவிட்டால் இந்தப் பாரம் இறங்காது. ஜப்பானும் 2001 முதல் 2006 வரை வங்கிகளில் பணத்தைக் கொட்டியது, கடன் வாங்க ஆள் வரவில்லை.

மண்டபம் முகாம்:
அதற்காக வீண் வேலை என்று ஒதுக்க முடியாது. 1930களில் அமெரிக்காவில் வங்கிகள் வரிசையாக விழுந்தபோது விலை வீழ்ச்சி இன்னும் மோசமானது. இருப்பு விகிதத்தைக் குறைப்பது வங்கி விழாமல் தாங்கும், அவ்வளவுதான். வாங்குபவன் கையில் காசு சேர அரசு செலவு செய்ய வேண்டும்.

தொண்டி நண்டு:
அப்போ என் ஃபண்டு?

கீழக்கரை ஓய்வு:
அறிவிப்பை நம்பி வாங்காதீர்கள். 2024 செப்டம்பர் 30 அன்று சீனாவின் 300 பெரிய பங்குகளின் குறியீடான சிஎஸ்ஐ 300 ஒரே நாளில் 8 சதவீதத்துக்கு மேல் ஏறியது, அக்டோபர் 9 அன்று 7% விழுந்தது. சீன அரசுக் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களும் லாபம் பார்த்தார்கள். அந்த டிசம்பரில் 10 ஆண்டுப் பத்திரத்தின் வருவாய் விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே போக, அதைவிட அதிக வட்டி தரும் பழைய பத்திரங்களின் விலை ஏறியது. அடுத்த சீசனுக்கு வலைக்கும் டீசலுக்கும் தேவைப்படும் காசு என்றால் இப்போதே எடுத்துவிடுங்கள். ஐந்தாறு வருடம் தொடாத காசு என்றால் இருக்கட்டும், ஆனால் புதிதாகப் போட வேண்டாம். வீட்டு விலையும் கடன் தேவையும் திரும்புகிறதா என்று பாருங்கள், அப்புறம் யோசிக்கலாம்.