அமெரிக்காவில் வீடியோவில் மனநல சிகிச்சை: மாத்திரைக்கு ஒருவர், பேச்சுக்கு ஒருவர்

கேள்வி: டெக்சஸ் வந்து ஒரு மாசம் ஆகுது. ஊர் டாக்டர் கொடுத்த எஸ்சிடலோபிராம் (மனச்சோர்வுக்கு) + குளோனசிபாம் (பதற்றத்துக்கு) சேர்ந்த மாத்திரை இன்னும் 20 நாளைக்குத்தான் இருக்கு. விபத்துக்குப் பிறகு ஆரம்பிச்ச கவுன்சிலிங்கும் பாதியில் நிக்குது. ரெண்டையும் வீடியோவிலேயே பார்க்க முடியுமா? ஆபீஸுக்குத் தெரியுமா, விசாவுக்குப் பிரச்சினையா?

பதில் 1: முதல்ல அந்த 20 நாளைப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். ரெண்டும் சேர்ந்த அந்த மாத்திரை இங்கே கிடையாது, தனித்தனியாத்தான் எழுதுவாங்க. எஸ்சிடலோபிராம் சுலபம். சைக்கியாட்ரிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போனா குடும்ப டாக்டரே எழுதித் தருவார். குளோனசிபாம் அப்படியில்லை, அது பழக்கமாகிடும்னு அரசு கட்டுப்படுத்தி வச்சிருக்கிற மருந்து. 2008-ல் வந்த ரையன் ஹெய்ட் சட்டப்படி இந்த வகை மருந்துக்கு நேரில் ஒருமுறை பார்த்திருக்கணும். கொரோனா காலத்துத் தளர்வை நீட்டிச்சுக்கிட்டே வந்தாங்க. ஆனா பல ஆன்லைன் கிளினிக்குகள், சட்டம் விட்டாலும் நாங்க எழுத மாட்டோம்னு முன்னாடியே போட்டிருப்பாங்க. அதனால புக் பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க: "இப்போ குளோனசிபாம் எடுக்கிறேன். தொடர்ந்து எழுதுவீங்களா, இல்லைன்னா படிப்படியா குறைச்சு நிறுத்த உதவுவீங்களா?"

தீர்ந்துபோச்சுன்னு ஒரே நாளில் நிறுத்திடாதீங்க. தூக்கம் போகும், பதற்றம் முன்னைவிட அதிகமா திரும்பும், சிலருக்கு வலிப்பே வரும்.

ஊர்ச் சீட்டை அப்படியே நீட்டினா இங்கே யாருக்கும் புரியாது. பிராண்டு பேர் தெரியாது, "0-0-1" என்றால் ராத்திரி மட்டும்னும் தெரியாது. ஒரு தாளில் மருந்தின் வேதிப்பேர், எத்தனை மி.கி., காலையா இரவா, எந்த மாசத்திலிருந்து, இதுக்கு முன்னாடி எதை எடுத்து எதனால நிறுத்தினீங்க, இவ்வளவையும் ஆங்கிலத்தில் எழுதி வச்சுக்கோங்க. அட்டையின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து வைங்க.

அம்மாவை கூரியரில் அனுப்பச் சொல்றது வேண்டாம், கஸ்டம்ஸில் நின்னுடும். எடிசோலாம் (பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிறது) எழுதியிருந்தா இன்னும் ஜாக்கிரதை. ஊர்ல சாதாரணமா எழுதுற மாத்திரை, இங்கே 2023 ஜூலையிலிருந்து ஹெராயின் இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கு. பையில் வச்சிருக்கவே கூடாது.

பதில் 2: யார் எதைச் செய்வார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பலர் தடுமாறுவது இங்கேதான். மருந்து எழுதுவது சைக்கியாட்ரிஸ்ட் (மனநல மருத்துவர்) அல்லது மனநல நர்ஸ் பிராக்டிஷனர் (மருந்து எழுதவும் பயிற்சி பெற்ற நர்ஸ்). முதல் சந்திப்பு ஒரு மணி நேரம் போகலாம். அதன்பின் 15 முதல் 30 நிமிடம்தான். தூக்கம், பசி, பக்கவிளைவு, அளவு, முடிந்தது. மனம்விட்டுப் பேசலாம் என்று போனால் ஏமாற்றமாக இருக்கும், அது அவர் வேலை இல்லை. பேச்சு சிகிச்சை தருவது உளவியலாளர், சோஷியல் ஒர்க்கர், கவுன்சலர் போன்றோர். டெக்சஸில் இவர்களால் மாத்திரை எழுத முடியாது. "எல்லாம் ஒரே இடத்தில்" என்று விளம்பரம் செய்யும் கிளினிக்கிலும் பெரும்பாலும் இருவர்தான், இரண்டு பில்தான்.

இருவரும் ஒருவரோடொருவர் பேச அனுமதிக்கும் படிவத்தில் முதல் வாரமே கையெழுத்துப் போடுங்கள். மாத்திரை அளவைக் கூட்டிய வாரம் உடம்பு ஒரு இடத்தில் நிற்காமல் தவிக்கலாம், தூக்கம் கெடலாம். தெரபிஸ்ட்டுக்கு அது தெரியாவிட்டால், பழைய விபத்தைக் கிளறியதால் வந்தது என்று நினைத்து சிகிச்சையை மெதுவாக்கிவிடுவார். குளோனசிபாம் விஷயமும் இதில் வருகிறது. விபத்து போன்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்புக்கு (பி.டி.எஸ்.டி.) அந்த வகை மாத்திரை வேண்டாம் என்றே அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் ராணுவத் துறையும் சேர்ந்து வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி சொல்கிறது. பயத்தை எதிர்கொண்டு பழகும் சிகிச்சையின்போது மாத்திரை பயத்தை அமுக்கிவிட்டால் பழக்கம் ஏற்படாது.

இன்னொன்று: ஒவ்வொரு முறையும் "இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஒப்புக்குக் கேட்பதல்ல. நீங்கள் உட்கார்ந்திருக்கும் மாநிலத்தில் அவருக்கு உரிமம் இருக்க வேண்டும். ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் அனுப்பவும் அந்த முகவரிதான். வேலை மாறி நியூ ஜெர்சி போனால் டெக்சஸ் உரிமம் மட்டும் உள்ளவர் தொடர முடியாது. உளவியலாளர்களுக்கு சைபேக்ட் என்ற மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம் உண்டு.

பதில் 3: தெரபிஸ்ட் அறிமுகத்தில் இருக்கிற "டிராமா இன்ஃபார்ம்டு" (மன அதிர்ச்சியைப் புரிஞ்சு நடத்துறது) என்ற வார்த்தையை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. அது அணுகுமுறை: வற்புறுத்தாம, என்ன நடக்கப்போகுதுன்னு முன்னாடியே சொல்லி, உங்க கையில் கட்டுப்பாடு இருக்கிற மாதிரி நடத்துறது. நல்லதுதான், ஆனா அதுவே சிகிச்சை ஆகாது. "விபத்துக்கான குறிப்பிட்ட சிகிச்சை எதில் பயிற்சி எடுத்திருக்கீங்க?"ன்னு கேளுங்க. காக்னிடிவ் பிராசஸிங் தெரபி (விபத்தைப் பத்தின எண்ணங்களை அலசி மாத்துறது, சுமார் 12 அமர்வு), ப்ரொலாங்டு எக்ஸ்போஷர் (பயத்தைப் படிப்படியா எதிர்கொள்றது, 8 முதல் 15 அமர்வு, 90 நிமிஷம் வரைக்கும்), ஈ.எம்.டி.ஆர். (கண்ணை இருபக்கமும் அசைச்சபடி நினைவைக் கையாள்றது). இதில் ஏதாவது ஒண்ணைச் சொல்லணும். "எல்லாம் கலந்து பண்ணுவேன்"னு சொன்னா அடுத்த ஆளைப் பாருங்க. முதல் ரெண்டு மூணு அமர்வு விபத்தையே தொடாம, பதற்றம் வந்தா எப்படி இறங்கி வரதுன்னு சொல்லிக்கொடுத்தா அது நல்ல அறிகுறி.

புதுசா மாத்திரை கொடுத்தா: அதிர்ச்சிக்குப் பிந்தைய இந்தப் பாதிப்புக்குன்னே எஃப்.டி.ஏ. (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஒப்புதல் இருக்கிறது செர்ட்ரலினுக்கும் பராக்ஸெடினுக்கும்தான். செர்ட்ரலின் வழக்கமா 25 மி.கி.யில் ஒரு வாரம், அப்புறம் 50. முதல் ரெண்டு வாரம் குமட்டல், வயித்துப்போக்கு. பலன் தெரிய 4-6 வாரம். நிறைய பேர் பத்தாம் நாள் "வேலை செய்யலை"ன்னு விட்டுடுறாங்க. 25 வயசுக்குள்ள இருந்தா ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுதான்னு கவனிக்கச் சொல்லி எச்சரிக்கையே இருக்கு. கெட்ட கனவுக்கு பிரசோசின் கொடுத்தா, முதல் ராத்திரி சட்டுனு எழுந்திருக்காதீங்க, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். கடையில் சீட்டில்லாம கிடைக்கிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட், டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் இருக்கிற இருமல் மருந்து, ரெண்டையும் கேட்காம சேர்க்காதீங்க.

பதில் 4: தமிழில் பேச விரும்பினால் அந்த மாநில உரிமத்தோடு தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். ஆனால் மத்திய அரசு நிதி பெறும் மருத்துவமனை, கிளினிக் எதுவும் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும், வீடியோவில் மூன்றாவது ஆளாகச் சேர்ப்பார்கள். பெற்றோரை அழைத்து வந்திருப்பவர்களுக்கு இது முக்கியம். மகனோ மருமகளோ மொழிபெயர்த்தால் பாதி வெளியே வராது.

நம் வழக்கில் சொல்வது சில நேரம் வேறாகப் போய்ச் சேரும். "நெஞ்சு அடைக்குது" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் மாரடைப்பு என்று எமர்ஜென்சிக்கு அனுப்புவார்கள். "செத்துடலாம்போல இருந்துச்சு" என்பது பேச்சுவாக்கில் வந்ததா, உண்மையா என்று நீங்களே சேர்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நிரப்பச் சொல்லும், மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தின் ஒன்பதாம் கேள்வியும் இதுதான். போலீஸ் வந்துவிடும் என்ற பயத்தில் பலர் சுழியம் போடுகிறார்கள். உள்ளதைக் குறித்தால் வருவது கூடுதல் கேள்விகள்: திட்டம் உண்டா, கையில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா, இன்று பாதுகாப்பாக இருக்கிறீர்களா. உடனடி ஆபத்து என்றால்தான் வெளியே சொல்வார்கள். குழந்தையை அடிப்பது பற்றி வந்தாலும் அரசுக்குத் தெரிவிக்கும் சட்டக் கடமை அவர்களுக்கு இருக்கிறது. நள்ளிரவில் தாங்க முடியாவிட்டால் 988 (தற்கொலைத் தடுப்பு உதவி எண்), அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

பதில் 5: பணம், ரகசியம், விசா.

இன்சூரன்ஸுக்கு போன் போட்டு "மனநலம் கவராகுமா"ன்னு கேட்டா "ஆகும்"னு மட்டும்தான் சொல்வாங்க. பில்லில் போடுற சிகிச்சைக் கோடு சொல்லிக் கேளுங்க: 90792 (முதல் மருத்துவச் சந்திப்பு), 99214 (மருந்து ஃபாலோ-அப்), 90834-ம் 90837-ம் (45 நிமிஷ, 60 நிமிஷத் தெரபி). "வீட்டிலிருந்து வீடியோவில், இந்த நெட்வொர்க் ஆளிடம் (உங்க பட்டியலில் இருக்கிறவர்), டிடக்டிபிள் (நீங்க கொடுக்க ஆரம்பிக்கும் முன் நான் கட்டுற தொகை) முடியும்வரை என் கையிலிருந்து எவ்வளவு?" பதில் சொன்னவர் பேரையும் கால் ரெஃபரன்ஸ் நம்பரையும் குறிச்சுக்கோங்க, பின்னாடி சண்டை போட அதுதான் ஆயுதம். மாசச் சந்தா வாங்குற ஆப்களில் சந்தா தனி, இன்சூரன்ஸ் பில் தனியா இருக்கலாம். ரத்து பண்ற விதியைப் படிச்சுட்டு கார்டு நம்பர் கொடுங்க. கம்பெனியில் ஊழியர் உதவித் திட்டம் இருந்தா சில அமர்வு இலவசம். தெரபி மட்டும்தான், மாத்திரை கிடையாது.

மேனேஜருக்குத் தெரியாது. தெரியுறது வீட்டுக்குள்ளதான்: இன்சூரன்ஸ் யார் பேர்ல இருக்கோ அவருக்கு ஒவ்வொரு சந்திப்புக்கும் விவரச் சீட்டு போகும். எச்-4-ல் (வேலை விசாக்காரரின் துணைக்கான விசா) இருக்கிறவங்க கணவருக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சா, சீட்டை வேற முகவரிக்கு அனுப்பச் சொல்லி இன்சூரன்ஸில் "கான்ஃபிடென்ஷியல் கம்யூனிகேஷன்" கேளுங்க. முதல் சந்திப்புக்கு முன்னாடியே. வீட்டில் அடி உதை என்றால் 1-800-799-7233.

கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையில் பார்க்கிறது தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நடத்தையோடு சேர்ந்த நோயை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறது மட்டும் தடை ஆகாது. கேட்டா மறைக்காதீங்க, பொய்தான் சிக்கல். இலங்கையிலிருந்து வந்து புகலிட வழக்கு நடத்துறவங்க கவனத்துக்கு: கோர்ட்டுக்கான உளவியல் மதிப்பீடு வேற, வாராந்திரத் தெரபி வேற. வக்கீல்கிட்ட கேட்டு, மதிப்பீட்டைத் தனி ஆளிடம் வாங்குங்க.

கேட்டவர் தொடர்ச்சி: நன்றிங்க. பொங்கலுக்கு மூணு வாரம் ஊருக்குப் போறேன், அப்போ அங்கிருந்தே வீடியோவில் பேசலாமா?

பதில் 2: பெரும்பாலும் மறுப்பார்கள், உரிமம் அங்கே செல்லாது. டெக்சஸில் இருப்பதாகப் பொய் சொல்லி உட்காராதீர்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே மாத்திரையைக் கூடுதலாக வாங்க இன்சூரன்ஸிடம் "வெக்கேஷன் ஓவர்ரைடு" கேளுங்கள். விபத்தின் நினைவை நேரடியாகத் தொடும் அமர்வுகளைப் பயணத்துக்கு முன்பு ஆரம்பிக்க வேண்டாம் என்று தெரபிஸ்ட்டிடமும் சொல்லிவையுங்கள், திரும்பி வந்து தொடரலாம். ஊரில் இருக்கும்போது தேவைப்பட்டால் 14416, டெலி மனாஸ் (இந்திய அரசின் மனநல உதவி எண்), தமிழிலேயே பேசுவார்கள்.