ரிமெம்பரா, ரிமைண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். மகளின் ஓ.எல் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) ஆங்கிலக் கொப்பியோடு நேற்று இரவு முழுக்க மல்லுக்கட்டு. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்றால் கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது. 'ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்' என்றால் மறக்காமல் பூட்டினேன். இதுவரை சரி. (பூட்டினேனா என்ற யோசனை எனக்குப் பஸ் ஏறிய பிறகுதான் வரும், அது வேறு கதை.)

இன்னொருவருக்கு ஞாபகப்படுத்த ரிமைண்ட் என்பதும் தெரியும். அப்படியானால் 'ரிமெம்பர் மீ டு யுவர் மதர்' என்ற வசனம்? 'அம்மாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லு' என்றுதான் அர்த்தம் என்றேன், மகள் நம்பவில்லை. இப்போதும் அப்படிப் பேசுகிறார்களா, பழைய வழக்கா? பரீட்சையில் எழுதலாமா? ஆங்கிலம் படிப்பிக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.